லேபல் கழற்றாமல் ஒரு மலையேற்றம்

செபஸ்தியாம்பிள்ளைக்கு இடது குதிக்காலில் வலி. விடியற்காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, கீழ்வீட்டுக்காரன் தன் முகட்டைத் துளைத்து மேலே ஆணி அடிப்பது போலிருக்கும். பத்து மணியளவில் ஆணி கொஞ்சம் மழுங்கும். பின்னேரம் மறுபடி கூராகிவிடும். பதினேழு வருடமாக லண்டன் வீதியோரங்களில் கல் தூக்கிப் பதித்த கால் அது. அதற்கும் முறைப்பாடு சொல்ல உரிமை இருக்கிறதுதானே. வைத்தியர் காலைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, உடம்புக்கு அசைவு போதாது, கொஞ்சம் நடக்கவேண்டும் என்றார். பகல் முழுக்க, அதுவும் பாதி நேரம் கையில் இருபத்தைந்து கிலோ, அரை அந்தர்க் கல்லோடு நடக்கிறவனை இன்னும் எங்கே நடக்கச் சொல்கிறார் என்று யோசித்தபடி செபஸ்தியாம்பிள்ளை ஈஸ்ட் ஹாமுக்கு பஸ் ஏறினார்.

அந்தக் குதிக்கால் உலகத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் அடங்கும். அது அவருடைய வேலைச் சப்பாத்து. எட்டாம் நம்பர், இரும்பு மூக்கு, நாலு வருடப் பழசு. உள்ளே குதிக்கால் படுகிற இடத்தில், எறியக் கிடந்த கார் விரிப்பொன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தார். வலது காலுக்குக் கறுப்பு லேஸ். இடது கால் லேஸ் அறுந்த அன்று, கல் வரிசை பிடிக்கிற மஞ்சள் நைலோன் நூலில் ஒரு துண்டு வெட்டிக் கோத்தார். அது அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் சப்பாத்து இல்லாமல் குதிக்கால் நடக்காது. குதிக்கால் நடந்தாலும், வேலை நடக்கிற சைற் வாசலில் நிற்கிற காவலாளி இரும்பு மூக்கு இல்லாத காலை உள்ளே விடமாட்டான்.

இப்படிப்பட்ட சப்பாத்துக்கும் அவருக்கும் நடுவில்தான் சங்கம் வந்து நின்றது.

வடலிக்கேணி மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளையில் இருநூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்கள். அதில் அறுபத்தொரு பேருக்குப் பதவி இருந்தது. மிச்சப்பேர் காத்திருந்தார்கள். போன மாரியில் நிர்வாகசபையில் ஏழு பேருக்கு ஒரே மாதத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிடிபட்டதால், அங்கத்தவரை நடக்க வைப்பதற்கென்று ஒரு நடைப்பயண உபகுழு அமைக்கப்பட்டது. அது பதினொரு தடவை கூடியது. பதினொரு தடவையும் கதிரையில் இருந்துகொண்டே கூடியது. பன்னிரண்டாம் தடவை, ஒருநாள் மலையேற்றத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும், என்ன உடுத்திவர வேண்டும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது.

பட்டியலை எழுதியவன் லக்‌ஷன். காப்புறுதிக் கம்பனியொன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று எழுதுகிற பிரிவில் வேலை. அவன் மலை ஏறியதில்லை. ஆனால் மலையில் நடக்கக்கூடிய அத்தனை விபத்தும் அவனுக்கு மனப்பாடம். நாற்பத்தொரு சாமான் எழுதியிருந்தான். கணுக்காலை மூடும் நீர்புகாச் சப்பாத்து. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று உடுப்பு. மழைக்கோட். இரண்டு ஊன்றுகோல். விசில். திசைகாட்டி. திசைகாட்டி பழுதானால் இன்னொரு திசைகாட்டி. இரண்டும் இரண்டு திசையைக் காட்டினால் முடிவெடுக்க மூன்றாவதாக ஒன்று. பின்னேரம் மூன்று மணிக்கு முடிகிற நடைக்குத் தலையில் கட்டும் லைற். குளவி கொட்டினால் பூச மருந்து, கொட்டியது குளவிதானா என்று பார்க்கப் படத்தோடு ஒரு புத்தகம்.

கடையில் விலை கூட்டிப் பார்த்தபோது ஆளுக்கு முன்னூற்று நாற்பது பவுண் வந்தது. அங்கத்தவர்கள் வட்ஸப்பில் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் தலைவர் செல்வரத்தினம் எழுந்தார். சட்டனில் வீடு, முப்பத்தைந்து வருடம் கணக்காளராக இருந்து இளைப்பாறியவர். இருபத்தெட்டு நாளுக்குள் லேபலோடு திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் முழுக் காசும் தருவான் என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். உடனே மூன்றாம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. ஒரு சாமானிலிருந்தும் லேபல் கழற்றக்கூடாது. சப்பாத்தில் சேறு படாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஷொப்பிங் பை போட்டு, றப்பர் பாண்ட் இறுக்கவேண்டும். மழை பெய்தால் உடனே மழைக்கோட்டைக் கழற்றி நனையாமல் பத்திரப்படுத்தவேண்டும்.

இது கடைக்காரனை ஏமாற்றுகிற வேலையில்லையா என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். விதுஷா என்று பெயர், ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுத் தாதி. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விளக்கம் கொடுத்தார்.

"பிள்ளை, பாவிச்ச சாமானைத் திருப்பிக் குடுத்தால்தான் ஏமாத்து. நாங்கள் ஒண்டையும் பாவிக்கப்போறதில்லை. போட்டுக்கொண்டு போகப்போறம், அவ்வளவுதான்."

கைதட்டல் கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது.

செபஸ்தியாம்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மனைவி பியற்றிஸ் உணவு உபகுழுவில் இருந்தாள். நூற்றிருபது மட்டன் றோல்ஸ் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை அவளுக்கு குட்மேய்ஸ் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். றோல்ஸுக்குக் கால் இல்லை. ஆகவே செபஸ்தியாம்பிள்ளை போனார். "நடந்தமாதிரியும் இருக்கும், குடுத்தமாதிரியும் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே, சறேப் பக்கத்து மலையொன்றின் அடிவாரத்தில் ஒன்பது மணிக்குக் கோச் வந்து நின்றது. ஒன்பதரைக்கு நடை தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். பதினொன்றேமுக்காலுக்கும் ஐம்பத்து மூன்று பேர் கார்ப் பார்க்கில் வரிசையில் நின்றார்கள். முன்னால் மேசை, மேசைக்கு விரிப்பு, விரிப்பின்மேல் சிவப்புப் பேனையோடு லக்‌ஷன். ஒவ்வொருவர் பையும் கொட்டப்பட்டு, எண்ணப்பட்டு, புள்ளி இடப்பட்டு, மறுபடி அடுக்கப்பட்டது. முழங்கையில், முதுகில், காதோரம், எங்கும் லேபல்கள் காற்றில் படபடத்தன. தூரத்திலிருந்து பார்த்தால் விற்பனைக்கு வைத்த ஒரு சனக்கூட்டம்.

செபஸ்தியாம்பிள்ளையின் முறை வந்தது. அவருடைய பழைய வேலைப்பையிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீர், காய்ந்த சொக்ஸ் இரண்டு சோடி, பெரிய பிளாஸ்ரிக் விரிப்பொன்று, ஒட்டுகிற அகலமான டேப் ஒரு சுருள், கம்பளித் தொப்பி, இவ்வளவும் வந்தன. றோல்ஸ் தனிப் பெட்டியில் இருந்தது. லக்‌ஷன் நாற்பத்தொன்றுக்கு மூன்று புள்ளி போட்டான். பிறகு குனிந்து மேசைக்குக் கீழே காலைப் பார்த்தான்.

"அண்ணை, உந்தச் சப்பாத்துக்கு லேபல் எங்கை?"

"நாலு வருசமாப் போடுறன் தம்பி."

"அது எனக்கு விளங்குது. ஆனா லேபல் இல்லாட்டில் உது சப்பாத்தெண்டதுக்கு என்ன ஆதாரம்?"

செபஸ்தியாம்பிள்ளை தன் காலைப் பார்த்தார். சப்பாத்துப் போலத்தான் இருந்தது. ஆனாலும் மேசை விரிப்புப் போட்டு இருக்கிறவன் கேட்கும்போது மனிதனுக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்கிறது. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். கையிருப்பில் இருந்த புதுச் சோடியொன்றைக் கொடுத்தார்கள். அது பத்தாம் நம்பர். அவர் தன்னுடைய கால் எட்டு என்றார். பட்டியலில் நம்பர் பற்றி ஒன்றும் இல்லை என்று லக்‌ஷன் தாள் தாளாகப் புரட்டிக் காட்டினான்.

லேபல் இல்லாத சப்பாத்து உள்ளே இருப்பது தெரிகிற ஒரு கண்ணாடிப் பிளாஸ்ரிக் பைக்குள் போடப்பட்டு டேப்பால் ஒட்டப்பட்டது. அதுவும் அவருடைய டேப்தான். தலைவர் கையொப்பமிட்டு முதலாம் இலக்கப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. பதினான்காம் விதிப்படி, தடுத்துவைத்த பொருள் எந்நேரமும் தலைவரின் நேரடிக் கண்காணிப்பில் இருக்கவேண்டும். ஆனால் தலைவர் பாரம் தூக்கக்கூடாது, வைத்தியர் சொல்லியிருந்தார். எனவே செபஸ்தியாம்பிள்ளையே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதென்றும், தலைவர் நேரத்துக்கு நேரம் திரும்பிப் பார்த்துக் கண்காணிப்பதென்றும் தீர்மானமாயிற்று. முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவரும் அவரே. மற்றவர்கள் காலில் ஷொப்பிங் பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"திங்கள் காலமை ஏழு மணிக்கு எனக்கு உது வேணும்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. யாரும் அதை அறிக்கையில் எழுதவில்லை.

இரண்டு நிமிட மௌனம், வரவேற்புரை, தலைவருரை எல்லாம் ஆகி, பன்னிரண்டேகாலுக்கு நடை தொடங்கியது. பதவி வரிசைப்படி. முதலில் தலைவர், அவருக்குப் பின்னால் முன்னாள் தலைவர்கள் நால்வர், உபதலைவர்கள், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர்கள். கடைசியில் சாதாரண அங்கத்தவர்கள். அவர்களுக்கும் பின்னால் தோளில் சப்பாத்தும் கையில் றோல்ஸ் பெட்டியுமாகச் செபஸ்தியாம்பிள்ளை. ஒற்றையடிப் பாதை, மேல்பதவியைத் தாண்டிப் போக அனுமதியில்லை. தலைவர் பத்தடிக்கு ஒருமுறை படமெடுக்க நின்றார். அவர் நின்றால் ஐம்பத்து மூன்று பேரும் நின்றார்கள். நூற்றாறு ஷொப்பிங் பைகள் சரசரத்து ஓய்ந்தன. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி அவர்களை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, மறுபடி ஏறும்போது ஒருமுறை தாண்டிப் போனார். மூன்றாம் முறை நாய் மட்டும் நின்று அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

பாதி மலையில் மழை பிடித்தது.

லக்‌ஷன் விசில் ஊதினான். ஐம்பது பேர் அவசரமாக மழைக்கோட்டைக் கழற்றினார்கள். மடித்தார்கள். உள்ளே வைத்தார்கள். பைகளும் புதிது, அவையும் நனையக்கூடாது என்ற நினைவு வந்ததும் பைகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, செபஸ்தியாம்பிள்ளையின் பிளாஸ்ரிக் விரிப்பை வாங்கி மூடினார்கள். சாமான்கள் காய்ந்திருந்தன. சங்கம் நனைந்தது. உபதலைவர் ஒருவர் குளிரில் நடுங்கியபடி, விரிப்பின் ஒரு மூலையில் தண்ணீர் ஒழுகுவதைக் கண்டு அங்கே தானே போய்க் குந்தினார்.

விதுஷா மட்டும் கழற்றவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தன் மழைக்கோட்டில் தொங்கிய லேபலை வெட்டிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பொருளாளர் நெஞ்சைப் பிடித்தார்.

"அங்கிள், நான் இதை வாங்கினனான்" என்று அவள் செபஸ்தியாம்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மழைக்குத்தான் வாங்கினனான்."

மழை விட்டது. சேறு விடவில்லை. சுண்ணக்கல் மலை, வெள்ளைச் சேறு, அதன்மேல் ஷொப்பிங் பை. செபஸ்தியாம்பிள்ளை வேலைத்தளத்தில் பதினேழு வருடம் சேறு பார்த்தவர். இனி என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மேலே தலைவர், தடுத்துவைத்த பொருளைக் கண்காணிக்கத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே வழுக்கினார். முன்னாள் தலைவர்கள் நால்வரையும் ஒரே இழுவையில் தாண்டினார். உபதலைவர்களைத் தாண்டினார். செயலாளர் வணக்கம் சொல்லி வழிவிட்டார். பொருளாளர், கணக்காய்வாளர், போசகர்கள் என்று ஒவ்வொரு பதவியாக இறங்கி, அரை நிமிடத்தில் சாதாரண அங்கத்தவராகி, செபஸ்தியாம்பிள்ளையின் காலடியில் வந்து நின்றார். வழி முழுக்க இரண்டு காலையும் ஆகாயத்தில் தூக்கிப் பிடித்தபடியே வந்திருந்தார். தலையில் சேறு, காதில் சேறு, மார்பிலும் முதுகிலும் சேறு. நூற்றுத் தொண்ணூறு பவுண் சப்பாத்தில் ஒரு பொட்டும் இல்லை.

ஆனால் ஷொப்பிங் பைகள் கிழிந்துவிட்டன. இனி ஒரு அடி வைத்தாலும் சப்பாத்துக்குச் சேறுபடும். தலைவர் காலைத் தூக்கியபடியே கிடந்து யோசித்தார். அப்படியே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இந்த மலையில் சேறு பட்டாலும் சங்கத்துக்கு ஒரு சதம் நட்டம் வராத சப்பாத்து ஒரே ஒரு சோடிதான் இருக்கிறது என்று லக்‌ஷன் கணக்குக் காட்டினான். எல்லோரும் செபஸ்தியாம்பிள்ளையின் தோளைப் பார்த்தார்கள்.

"தலைவர், உது என்ரை" என்றார் அவர். "திங்கக்கிழமை உது இல்லாட்டில் என்னைக் கேற்றாலை உள்ளுக்கு விடாங்கள்."

"தெரியும் தம்பி. செல்வரத்தினமெண்ட தனிமனிசன் உம்மட்டைக் கேக்கேல்லை. தலைவர் பதவி கேக்குது. பதவி வெறுங்காலோடை நிக்கலாமோ?"

"எப்ப தருவியள்?"

"மலையாலை நடந்து இறங்கின உடனை உம்மடை கையிலை தருவன். எல்லாரும் சாட்சி."

கண்ணாடிப் பை கிழிக்கப்பட்டது. தலைவரின் காலும் எட்டாம் நம்பர்தான். மஞ்சள் நூலை இரண்டு உபசெயலாளர்கள் கட்டினார்கள். தலைவர் எழுந்து ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி வைத்தார். அவர் முகத்தில், எழுபத்தொரு வயதில் முதன்முதலாகத் தரையைத் தொட்டவனின் வியப்பு வந்தது. பிறகு யாருக்கும் காத்திருக்கவில்லை. வழுக்கி விழுந்து எழும்பிக்கொண்டிருந்த நிர்வாகசபை முழுவதையும் கீழிருந்து மேலாகத் தாண்டி, ஊன்றுகோலும் இல்லாமல், ஆட்டுக்கடா மாதிரிப் போனார்.

செபஸ்தியாம்பிள்ளை பத்தாம் நம்பரோடு பின்னால் போனார். அவர் ஒரு அடி வைத்தால் சப்பாத்து அரை அடிதான் வந்தது. கொஞ்சத் தூரத்தில் அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காய்ந்த சொக்ஸ் இரண்டு சோடியையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார். குதிக்காலில் ஆணி ஏறியது. விதுஷா அவரை ஒரு மரக்குற்றியில் இருத்தி, பாதத்தைச் சுற்றி அவருடைய டேப்பாலேயே ஒரு கட்டுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் இதற்கு நாலு மாதம் காத்திருக்கவேண்டும் என்றாள்.

மலையுச்சியில் ஒரு கார்ப் பார்க் இருந்தது. கடையும் இருந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, காலில் செருப்போடு, ஒரு பெண் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்று தலைவர் வெற்றியுரை ஆற்றினார். இந்த மலையை வென்றது தனிமனிதர் எவருமல்ல, முறையான ஆயத்தமும் நாற்பத்தொரு சாமான்களும்தான் என்றார். பட்டியலைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் இதோ வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றார். பட்டியலைப் பின்பற்றியவர்கள் அப்போதும் பாதி வழியில் உருண்டுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்ததும் நூற்றிருபது றோல்ஸும் ஆறு நிமிடத்தில் முடிந்தது. பட்டியலில் றோல்ஸ் இல்லை என்று அப்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. செபஸ்தியாம்பிள்ளை வெறும் பெட்டியை மூடிவிட்டுத் தலைவரைத் தேடினார். தலைவர் இல்லை. ஆறு மணிக்கு அவருக்குச் சட்டனில் ஒரு பொன்விழா. மருமகன் மேலேயே காரைக் கொண்டுவந்து ஏற்றிப் போய்விட்டான் என்றார்கள். மலையால் நடந்து இறங்கின உடனே தருவதாகத்தான் வாக்கு. அவர் நடந்து இறங்கவில்லை. வாக்குத் தவறவில்லை என்று லக்‌ஷன் விளக்கினான்.

செபஸ்தியாம்பிள்ளை டேப் கட்டோடு கீழே வந்தார். பத்தாம் நம்பர் சோடியை லக்‌ஷன் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டான். வெறும் சொக்ஸோடு அவர் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் நடந்து போவதை இரண்டு நகைக்கடையும் ஒரு புடவைக்கடையும் பார்த்தன. அடுத்த கிழமை கடைக்காரன் ஐம்பத்தொரு பேரின் சாமானையும் திருப்பி எடுத்தான். என்ன குறை என்று கேட்ட படிவத்தில் எல்லோரும் ஒரே பதிலை எழுதினார்கள்: பாவிக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

ஞாயிறு முழுக்கப் பியற்றிஸ் தலைவர் வீட்டுக்கு ரெலிபோன் அடித்தாள். தலைவர் படுத்திருக்கிறார், நடந்த களைப்பு என்று பதில் வந்தது. திங்கள் காலை ஏழு மணிக்குச் செபஸ்தியாம்பிள்ளை மாதா கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தோடு சைற் வாசலில் நின்றார். காவலாளி காலைப் பார்த்தான், முடியாதென்று தலையை ஆட்டினான். அன்றைய சம்பளம் போயிற்று. செவ்வாய்க்கிழமை மலிவாக ஒரு புதுச் சோடி வாங்கினார். இரும்பு மூக்கு இருந்தது, கார் விரிப்பு இருக்கவில்லை. பழைய சோடி பழகி வர நாலு வருடம் எடுத்தது. இப்போது வலது குதிக்காலிலும் ஆணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஐப்பசியில் சங்கத்தின் வருடாந்த இராப்போசனம். மண்டப வாசலில், மங்கள விளக்குக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே செபஸ்தியாம்பிள்ளையின் சப்பாத்து. வெள்ளைச் சேறு காய்ந்தபடியே இருந்தது. சரித்திரம் கெடக்கூடாதென்று கழுவவில்லையாம். மஞ்சள் நூலைச் சுற்றி மல்லிகைச் சரம். கீழே பித்தளைத் தகட்டில், தலைவர் செல்வரத்தினம் அவர்கள் மலைமுடி கண்ட பாதணிகள், என்று பொறித்திருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் நின்று படமெடுத்தார்கள். விதுஷாவுக்கு, லேபல் வெட்டிய குற்றத்துக்காக, பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் கதிரை.

பியற்றிஸ் முழங்கையால் இடித்தாள். செபஸ்தியாம்பிள்ளை தலைவரிடம் போனார். கூட்டம் சேர்ந்தது. தலைவர் அவருடைய தோளில் கைபோட்டார்.

"தம்பி, உது இனி உம்மடையுமில்லை, என்ரையுமில்லை. சமூகத்தின்ரை. பெட்டி திறக்க வேணுமெண்டால் பொதுச்சபையிலை மூண்டிலை ரெண்டு பங்கு வாக்கு வேணும். உமக்கு ஒரு பொன்னாடை போடுறதெண்டு யோசிச்சிருக்கிறம்."

"எனக்குப் பொன்னாடை வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு கல்லுப் பதிக்க ஏலாது."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். முதலாம் இலக்கப் பற்றுச்சீட்டு. தலைவரின் கையொப்பம், திகதி, சங்க முத்திரை, ஒரு சோடி சப்பாத்து என்ற சொல், எல்லாம் இருந்தன. தலைவர் கண்ணாடியைத் தேடினார். லக்‌ஷன் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, ஊன்றிப் படித்தான்.

"எல்லாம் சரி அண்ணை" என்றான். "ஆனா இருவத்தெட்டு நாளுக்குள்ளை வந்திருக்க வேணும்."

கைதட்டல் கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது. அதே அறிக்கையில் பதியப்படாதது இது: வடலிக்கேணி மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கம், ஐக்கிய இராச்சியக் கிளை, செபஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்துக் கொடுக்கவேண்டும். எட்டாம் நம்பர். வலது லேஸ் கறுப்பு, இடது லேஸ் மஞ்சள் நூல். இன்னும் கொடுக்கவில்லை.